ராத்தாவின் அறைக்குப் போன வயர்

எங்கள் வளவில் இருக்கும் இரண்டு வீடுகளின் கணினிகளையும் ஒன்றோடொன்று இணைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கணவர் இந்தக் கதையை யாருக்காவது சொன்னால் "நாங்க வயர் இழுத்தம்" என்றுதான் தொடங்குவார். அவர் செய்தது ஒரே ஒரு வேலை. அந்த ஒன்றும் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தையல்காரி. கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெண்களின் பெருநாள் உடுப்பில் பாதி என் மெஷினில் தைத்ததுதான். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த மெஷின் அது. அதற்கு முன் எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவுதான். மெஷினைக் கொடுத்துவிட்டார்கள், சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவா என்று பழகினேன். எந்த வேலையையும் நான் இப்படித்தான் பழகியிருக்கிறேன், கையில் திணித்த பிறகு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பார். அதனால் அக்காள் தங்கைகள் கடைசிவரை ஒரே வளவில், கூப்பிடு தூரத்தில் வாழ்வோம். என் மூத்தவள் ராத்தாவுக்கும் எனக்கும் எங்கள் வாப்பா கட்டித் தந்த பழைய வீடுகள் இரண்டும் கடற்கரை ஓரம் இருந்தன. இரண்டையும் கடல் கொண்டு போய்விட்டது. பிறகு வாப்பா மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒரு வளவு வாங்கி, புதிதாக இரண்டு வீடு கட்டினார். கட்டினார் என்றால் சும்மா இல்லை. மேசன் ஒரு கம்பி போடச் சொன்ன இடத்தில் மூன்று கம்பி போட்டார். கல்லுக்குப் பதிலாகப் பல இடங்களில் கொங்கிரீட்டே ஊற்றினார். "இனிக் கடல் வந்தாலும் செவர் நிக்கோணும்" என்று அவர் சொன்னதை மேசன் தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வீடு முடிந்த வருடமே வாப்பா மௌத்தாகிவிட்டார். சுவர்கள் நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்கு ஒரு ஆணி அடிக்கவே பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும்.

போர் முடிந்த அடுத்த வருடம், ராத்தாவின் கணவர், என் மச்சான், கடைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னமே முடிந்துவிட்டது. குண்டும் சூடும் கடலும் தொடாத மனிதர், எல்லாம் ஓய்ந்த பிறகு இப்படிப் போனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ராத்தா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. வெள்ளை உடுத்து, வீட்டின் ஆக உள்ளே இருந்த அறையில் உட்கார்ந்துவிட்டாள். அறைக் கண்ணாடியைச் சொந்தக்காரப் பெண்கள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். அவள் வீட்டு முற்றத்துக்கும் என் வீட்டு முற்றத்துக்கும் இடையில் மறைப்பாக ஒரு நீலத் தறப்பாளைக் கட்டினோம். சுனாமி முகாமில் எங்கள் தலைக்கு மேலே கூரையாக இருந்த தறப்பாள் அது. ராத்தாதான் அதை எறிய விடாமல் மடித்து வைத்திருந்தாள்.

ராத்தா டீச்சர். உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிப்பவள். எங்கள் ஊரில் அந்தப் பாடத்தை எடுக்கவே பிள்ளைகள் பயப்படுவார்கள். அவளிடம் அந்த வருடம் ஒன்பது பேர் இருந்தார்கள், ஐந்து பொடியன்கள், நான்கு பெண்பிள்ளைகள். சண்டைக்காலத்தில் பாடசாலை பாதி நாள் பூட்டிக் கிடந்தபோதும் வீட்டில் வைத்து விடாமல் பிடித்துக் கொண்டுவந்த வகுப்பு. பரீட்சை இத்தா முடிவதற்கு முன்னமே வந்துவிடும். பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பாடசாலையில் அவளுக்குப் பதிலாக வேறொருவர் கிடைக்கவில்லை.

அவள் இத்தாவில் இருந்த முதல் கிழமைகளில் யாரோடும் கதைக்கவில்லை. நான் சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு பிடி தின்றுவிட்டு மூடி வைப்பாள். ஒருநாள் அவளாகவே வாயைத் திறந்து கேட்டது, "புள்ளைகள் என்ன செய்யிதுகள்?" என்பதுதான்.

"பொம்புளப் புள்ளைகள் நாலும் உங்களுக்கிட்ட வரலாம்தானே ராத்தா. நான் வரச் சொல்லவா?" என்றேன்.

"பொடியனுகள் எங்க போற? நான் பாதி வகுப்புக்குப் படிப்பிக்க மாட்டன்."

"தெரைக்கு அங்கால அவனுகள இருத்தினா?"

"கணக்கு என்ன பள்ளியில சொல்ற பயானா, காதால கேட்டுட்டுப் போக? எழுதிக் காட்டோணும் புள்ள." அதோடு திரும்பிப் படுத்துவிட்டாள். நான் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்று அழுதேன். அந்தப் பிள்ளைகள் தோற்றால் ராத்தா அந்த அறையை விட்டு எழும்பவே மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மச்சானைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. வகுப்பையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

வழி சொன்னவர் சந்தையடியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர். அவருடைய மகனும் அந்த ஒன்பது பேரில் ஒருவன். தன் மனைவியின் சட்டையை எடுக்க என் தையல் அறைக்கு வந்தவரிடம் நான் புலம்பினேன்.

"தங்கச்சி, டீச்சருட வீட்ட ஒரு கம்ப்யூட்டர் இரிக்கிதானே. நான் கடையில இருந்து ஒண்டக் கொண்டு வந்து இஞ்ச உங்கட அறையில வெக்கிறன். ரெண்டையும் தொடுத்து உட்டா டீச்சர் அங்க எழுதுறது இஞ்ச தெரியும். இன்டர்நெட் ஒண்டும் தேவல்ல. வீட்டுக்கு வீடுதான்."

எழுதுவதை எப்படிக் காட்டுவது? அதற்கும் அவரிடம் ஒரு சின்னக் கமெரா இருந்தது. அதை ராத்தாவின் மேசைக்கு மேலே, குனிந்து கொப்பியைப் பார்க்கிற மாதிரிப் பூட்ட வேண்டும். முகம் தெரியாது. தாளும் பேனையும் பேனை பிடித்த கையும் மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக் இருந்தால் குரலும் போய் வரும்.

என் கணவர் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் விளக்கம் கேட்டு வந்தார். தேவைக்காகத் திரைக்குப் பின்னால் இருந்து கதைப்பதில் குற்றமில்லை, முகம் காட்டாமல் படிப்பிக்கலாம் என்றார் மௌலவி. அவருக்கு ஒரே பேச்சில் விளங்கியது. துக்கம் விசாரிக்க வந்த பெண்களுக்குத்தான் விளங்கவில்லை. "இத்தாவுல இருக்கிற பொம்புளைக்கு டீவி கேக்குதாமே" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். இன்னொருத்தி, "கை தெரியுமே கா, கை!" என்றாள். அன்றைக்கே வெள்ளைத் துணியில் ராத்தாவின் வலது கைக்கு அளவெடுத்து ஒரு கையுறை தைத்தேன். பேனை நழுவாமல் இருக்க மூன்று விரல்களின் நுனியில் மட்டும் உள்ளுக்குள் இன்னொரு மடிப்பு வைத்தேன். அதைப் போல் அழகான தையல் நான் அதற்கு முன்னும் தைக்கவில்லை, பின்னும் தைக்கவில்லை. "இப்ப கை தெரியாது, பாருங்க" என்று விசாரிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினேன்.

காக்கா முதலில் கொண்டுவந்தது வயர் இல்லாத முறை. இரண்டு கொம்பு வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. அதைப் பார்த்ததும் என் கணவரின் முகம் மாறிவிட்டது.

"இது என்ன சாமான்?"

"வயர்லெஸ், மச்சான். வயர் தேவல்ல."

அவ்வளவுதான். எத்தனையோ வருடங்களாக எங்கள் ஊரில் வயர்லெஸ் என்றால் ஆமிக்காரன் தோளில் தொங்குவது, இல்லையென்றால் காட்டுக்குள் இருந்தவர்களின் கையில் இருப்பது. அது ஒருவன் வீட்டில் கிடந்தால் அந்த வீட்டுக்காரனைத் தேடிப் போக வேண்டிய இடங்கள் வேறு. சண்டை முடிந்தும் ஊர் எல்லையில் ஆமியின் சோதனைச் சாவடி எடுபடாமல் இருந்த நேரம். என் கணவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "கொம்பு வெச்ச சாமானொண்டும் என்ட வளவுக்க வாணாம்" என்றார்.

"ஆருட வளவு?" என்று நான் கேட்டேன்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைமாரை மடக்க இந்த ஒரு கேள்வி போதும், ஆனால் அடிக்கடி கேட்கக் கூடாது.

பெட்டியை என் தையல் அறையில் வைத்துக் கொழுவினோம். அடுப்படி வரை வேலை செய்தது. கிணற்றடி வரைக்கும்கூடக் கொஞ்சம் இழுத்தது. ராத்தாவின் அறைக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. காக்கா தறப்பாளுக்கு இந்தப் பக்கம் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். "வாப்பா என்னத்த ஊத்திக் கட்டினவர்? கம்பிக்கு மேல கம்பி. இதுக்குள்ளால ஒண்டும் போகாது தங்கச்சி" என்றார். கடலைத் தடுக்கக் கட்டிய சுவர் இதையும் தடுத்துவிட்டது. எனக்கு வாப்பாவின் மேல் கோபம் வந்தது, அவர் இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார் என்றும் தோன்றியது. பெட்டியின் கொம்பு இரண்டையும் கழற்றி என் கணவரின் கையிலேயே கொடுத்தார் காக்கா. பெட்டி மட்டும் தேவைப்பட்டது, வயரைச் செருக.

இனி வயர்தான். அடுத்த சிக்கல் அப்போதுதான் வந்தது. அந்த வயரின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் தலை பூட்ட வேண்டும். கடையிலேயே பூட்டிக் கொண்டுவரலாம். ஆனால் தலை பூட்டிய வயர் சுவரில் நுழையாது. ராத்தாவின் அறையில், கம்பி வலை பதித்து மூடிய காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில், வாப்பாவின் கொங்கிரீட்டில் எங்களால் துளைக்க முடிந்தது பென்சில் பருமனுக்கு ஒரு ஓட்டைதான். வெறும் வயரை உள்ளே விட்டுவிட்டு அறைக்குள் வைத்துத்தான் தலை பூட்ட வேண்டும். காக்காவோ என் கணவரோ அந்த அறைக்குள் போக முடியாது. சகோதரன் எங்களுக்கு இல்லை.

"நான் பூட்டுறன்" என்றேன்.

"எட்டு வயர் இரிக்கி, தங்கச்சி. நூல் மாதிரி."

"நூல எனக்கா சொல்லித் தாறீங்க?"

நாடாவை வைத்து என் மேசையிலிருந்து ராத்தாவின் மேசை வரை நானே அளந்தேன். மடித்துத் தைக்கச் சட்டைத் துணிக்குக் கரை விடுவதுபோல இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு வெட்டச் சொன்னேன். பிறகு ராத்தா வீட்டு முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். தறப்பாளுக்கு மறுபக்கம் காக்கா ஒரு வயர்த் துண்டையும் தலையையும் வைத்துக்கொண்டு நின்றார். பழகுவதற்கு எனக்கும் ஒரு துண்டும் சில தலைகளும் தந்திருந்தார். அவர் கையைத் தறப்பாளுக்கு மேலே உயர்த்தி, ஒவ்வொரு நிறமாகச் சொல்லிச் சொல்லி, "இந்தப் பக்கத்தால தொடங்குங்க, இப்பிடியே வாங்க" என்று விரலை ஓட்டிக் காட்டினார். செம்மஞ்சள் கோடு போட்ட வெள்ளை, செம்மஞ்சள், பச்சைக் கோடு போட்ட வெள்ளை, நீலம் என்று அந்த வரிசை எனக்கு ஒரே தடவையில் பாடமாகிவிட்டது. அவர் விரல் ஓடிய பக்கமே நானும் அடுக்கினேன்.

பிறகு அறைக்குள் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த ராத்தா தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முதல் தடவை ஒரு வயர் தலைக்குள் போகாமல் வளைந்தது, வெட்டி எறிந்தேன். இரண்டாவது தடவை தலையை நசுக்கிப் பூட்டுகிற குறட்டை அவசரப்பட்டு அழுத்தினேன், அதையும் வெட்டி எறிந்தேன். மூன்றாவது தடவை எட்டும் வரிசையாகப் போய் நின்றன. வெட்டி வெட்டி வயர் குறுகி, கணினிக்குச் சரியாக எட்டும் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு விரல் வெட்டியிருந்தால் மேசையைச் சுவரில்தான் தொங்கவிட வேண்டும்.

நான் வெளியே வந்து "சரி" என்று சொன்னதும், என் கணவர் தன் பங்குக்குத் ராத்தாவின் பக்கம் கண் போகாமல் தலையைப் போர்வையால் மூடிக்கொண்டு அவள் வீட்டுப் பின்புறமாகப் போய் அந்த ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தார். பல்லி போகுமாம், மழைத்தண்ணி போகுமாம். நல்லா இறுக்கி, பூசி, தேய்த்துவிட்டு வந்தார். இதுதான் அவர் செய்த அந்த ஒரே வேலை.

மற்றப் பக்கத்துத் தலையையாவது காக்கா பூட்டப் பார்த்தார். நான் விடவில்லை. என் தையல் அறை மேசையில், அவர் என் கணவரோடு எனக்குப் பக்கத்தில் நின்று, "இந்தப் பக்கத்தால" என்று மறுபடியும் விரலை ஓட்டிக் காட்ட, நான் ஒரே தடவையில் பூட்டினேன். பெட்டியில் செருகினேன். பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. கழற்றிச் செருகினேன். எரியவில்லை. ஓடிப் போய் ராத்தாவின் பக்கத்தையும் கழற்றிச் செருகினேன். திரும்பி ஓடி வந்தால் பெட்டி அப்படியே செத்துக் கிடந்தது.

காக்கா தலையைச் சொறிந்தார். "வயர் உள்ளுக்க எங்கேயோ ஒடஞ்சிரிக்கும். கொழும்பிலரிந்து வேற ரோல் எடுக்கோணும். பத்து நாளாவது போகும்." பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாள் பெரிது. அவர், பூட்டியது பழுதாகிப் போனால் மாற்ற என்று ஒரேயொரு தலையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் கணவர், "நான் அப்பவே சொன்னன், இதெல்லாம் படிச்ச ஆக்களுட வேல" என்றார். அவருக்கு அன்று தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கவில்லை.

எரிச்சலில் மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக்குக் கை வெட்டி வைத்திருந்தேன். வலக்கையும் இடக்கையும் மேசையில் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. தையல் பழகுகிற எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழை ஒன்று இருக்கிறது. துணியைத் திருப்பிப் போடாமல் இரண்டு கையையும் ஒரே மாதிரி வெட்டிவிடுவார்கள். சட்டைக்கு இரண்டு வலக்கை இருக்கும். கை என்றால் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்க வேண்டும். அந்த இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, தறப்பாளுக்கு மேலே ஓடிய காக்காவின் விரல் எனக்கு நினைவு வந்தது. அவர் அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக் காட்டினார். இங்கே மேசையடியில் என் பக்கத்தில் நின்று காட்டினார்.

ஊகத்தில் வெட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு மட்டையை எடுத்து, என் பக்கத்துத் தலையில் இருந்த வரிசைப்படியே எட்டு நூலைப் பக்கம் பக்கமாகச் சுற்றினேன். கோடு போட்ட வயருக்கு வெள்ளை நூலையும் நிற நூலையும் முறுக்கிச் சுற்றினேன். சட்டைத் துணிக்கு நூல் பொருத்தம் பார்க்கக் கடைக்குப் போவதுபோல, அந்த மட்டையோடு ராத்தாவின் அறைக்குப் போய் அங்கிருந்த தலையோடு சேர்த்துப் பிடித்தேன். அங்கே தொடங்கிய நிறத்தில் இங்கே முடிந்தது. முடிந்த நிறத்தில் தொடங்கியது. சட்டைக்கு வெட்டுகிற மாதிரியே வெட்டியிருக்கிறேன். வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று. வயருக்கு இரண்டு பக்கமும் ஒரே கையாக இருக்க வேண்டும்.

"கண்டுபிடிச்சிட்டன்!" என்று கத்திவிட்டேன், இத்தா வீடு என்றும் பார்க்காமல்.

ராத்தா எழும்பி வந்தாள். மட்டையை வாங்கிப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள்.

"இத வெட்டித் திருப்பிப் பூட்டினாச் சரி" என்றேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன். வெட்டுவதற்கு வயர் இல்லை. வெளியிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம் என்றால், ஓட்டையை என் கணவர் சீமெந்தால் அடைத்து அது கல்லாகிப் போயிருந்தது. நான் வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வாப்பாவின் சுவரும் என் கணவரின் சீமெந்தும் சேர்ந்து அதை அசைய விடவில்லை. அவர் மேல் வந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்தா மட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தலையோடு வைத்தாள். இப்போது இரண்டும் பொருந்தின.

"இஞ்ச பாரு. இந்தப் பக்கம் திரும்பி இரிக்கி. அப்ப அந்தப் பக்கத்தையும் திருப்பினா?"

"ரெண்டு பக்கமும் பிழையாகிருமே, ராத்தா."

"நிறத்த யாரு பாக்கப் போறாங்க? முதலாவது முதலாவதுக்குப் போகுதா, எட்டாவது எட்டாவதுக்குப் போகுதா, அதான் கணக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிழையெண்டாச் சரிதான். மறைய மறையால பெருக்கினா நேர், எத்தின தரம் சொல்லித் தந்த?"

எனக்கு எத்தனையோ தரம் சொல்லித் தந்திருக்கிறாள், சாதாரண தரத்தில் நான் கணக்கில் தோற்கும் வரைக்கும். ஆனால் எனக்கு அப்போது கணக்கு முக்கியமாகப் படவில்லை. அவளுடைய குரல்தான் முக்கியம். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரல். மச்சான் போன பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். "போ, போய்ப் பூட்டு" என்று தள்ளிவிட்டாள்.

என் பக்கத்தில் வயர் தாராளமாக இருந்தது. நான்தானே கரை விட்டு வெட்டச் சொன்னேன். ஆனால் தலை ஒன்றுதான் மிச்சம். அதைக் கெடுத்தால் மறுபடி காக்கா வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய தலையை வெட்டினேன். எட்டு வயரையும் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, வலப்பக்கமிருந்து அடுக்கினேன். மட்டையோடு வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிஸ்மி சொல்லிக் குறட்டை அழுத்தினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. பிறகு சிமிட்டியது. நான் முற்றத்துக்கு ஓடித் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, எரியிது!" என்று கத்தியதைக் கேட்டு, பக்கத்து வளவில் உரலில் மா இடித்துக்கொண்டிருந்த பெண்கள் வீடு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்கள்.

காக்கா அடுத்த நாள் வந்து இரண்டு தலையையும் பற்றிக் கேட்டறிந்து, "நிறம் பிழையே தங்கச்சி" என்றார். "வேல செய்யிதா இல்லியா?" என்று கேட்டேன். செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். கமெராவை என் மெஷின் விளக்கின் வளையும் கழுத்தில் கட்டி ராத்தாவின் மேசையில் நிறுத்தினேன். மைக்கையும் கணினிக்குள் இருக்க வேண்டிய மற்ற விஷயங்களையும் அவர் தறப்பாளுக்கு அங்காலிருந்து சொல்லச் சொல்ல நானே செய்தேன். இந்த முறை அவர் விரலைக் காட்டவில்லை. வாயால்தான் சொன்னார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்பது பேரும் வந்தார்கள். பெண்பிள்ளைகள் முன்னால் பாயில், பொடியன்கள் பின்னால் மர வாங்கில். சுவர் முழுக்கத் தைத்து முடித்த சட்டைகள் தொங்கின. திரையில் ஒரு வெள்ளைத் தாள் தெரிந்தது. பிறகு வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை வந்து, பேனையைத் திறந்து, போன பாடத்தின் தலைப்பை எழுதி அடிக்கோடு இட்டது. "எங்க விட்டோம்?" என்று ராத்தாவின் குரல் கேட்டது. ஒரு பிள்ளை விம்மினாள். மற்றவர்கள் கொப்பியைத் திறந்தார்கள். அறைக்கு வெளியே கதவு நிலையில் சாய்ந்து நின்ற என் கணவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

பரீட்சை வரைக்கும் ஒரு நாள் தவறாமல் நடந்தது. மின்சாரம் நிற்கிற நாளில் பிள்ளைகள் காத்திருப்பார்கள், நான் அவர்களை வைத்துக்கொண்டே பொத்தான் தைப்பேன். திரிகோண கணிதம் என்று ஒரு சனியன் இருக்கிறதே, அதை எனக்கும் இன்று பாதி தெரியும். கையுறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்து நீலம் போட்டேன். மை பட்ட விரல் நுனி கடைசிவரை வெளுக்கவே இல்லை. பாடம் பரீட்சைக்கு முந்திய கிழமையே முடிந்தது. முடிந்த நாள் ராத்தா சோற்றுக் கோப்பையைத் துடைத்துத் தின்றிருந்தாள். எனக்கு அந்தக் கோப்பையைக் கழுவ மனம் வரவில்லை.

கணிதப் பரீட்சை முடிந்த அன்று ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகாமல், வெள்ளைச் சீருடையோடு நேரே என் அறைக்கு வந்தார்கள். நான் கணினியைப் போட்டேன். திரையில் கை வந்து தாளின் மேல் காத்திருந்தது. பிள்ளைகள் வினாத்தாளைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாக வாசித்தார்கள், தாங்கள் எழுதிய விடையைச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை தானும் செய்து பார்த்துச் சரி போட்டது. சில இடங்களில் பிழை போட்டது. கடைசிக் கேள்வியை வாசித்தவன் கணினிக் காக்காவின் மகன். விடையைச் சொல்லிவிட்டு, "நீங்க படிப்பிக்காத ஒண்டும் வரல்ல டீச்சர்" என்றான்.

கை அசையவில்லை. பேனை தாளில் கிடந்தது. வயர்தான் அறுந்துவிட்டதோ என்று நான் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அந்தக் கை பேனையை எடுத்து, தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பெரிதாக ஒரு சரி போட்டது. அவள் அழுவது மைக்கில் கேட்டது. இத்தனை நாளும் அவள் எங்கள் காதில் விழ அழுததே இல்லை. நானும் அழுதேன், பிள்ளைகளும் அழுதார்கள், பொடியன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர்களில் இரண்டு பேர் இன்று பொறியியலாளர்கள். இன்னொருத்தி ராத்தா படிப்பித்த அதே வகுப்பில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறாள்.

சில வருடங்களுக்குப் பிறகு எங்களுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்தார். என் பக்கத்துத் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஆரு பூட்டின? முழுக்கப் பிழை. வெட்டிட்டுச் சரியாப் பூட்டித் தாறன்."

"கைய எடுங்க" என்றேன். "என்ட ராத்தாட பக்கமும் அப்பிடித்தான் இரிக்கி."